சென்னையில் பழகிய கை, கலிஃபோர்னியா சாலை: விதியும் வழக்கமும் எங்கே முட்டிக்கொள்கின்றன?

மடிப்பாக்கம்91

சென்னையில் சில வருடமாக கார் ஓட்டுகிறவர், அடுத்து சான் ஹோசே பக்கம் வேலைக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். லைசென்ஸ் தரும் அந்த மாநில வாகனத் துறையான டிஎம்வியின் கையேட்டைப் படித்தாகிவிட்டது. வலப்பக்கம் ஓட்ட வேண்டும் என்பது தெரியும். படித்தும் கைகாலில் ஏறாத விஷயங்கள் என்னென்ன? எந்தச் சென்னைப் பழக்கம் அங்கே ஆபத்தாகிறது? அங்கிருந்து திரும்புகிறவர்கள் இங்கே எதில் தடுமாறுகிறார்கள் என்பதையும் சொன்னால் இரண்டு தரப்புக்கும் உதவும். அனுபவக் கதைகள் வேண்டாம், செய்முறை போதும்.

சன்னிவேல் சாரதி

ஸ்டாப் போர்டில் ஆரம்பிக்கிறேன். லைசென்ஸ் தேர்வில் நம்மவர்கள் அதிகம் தோற்கும் இடங்களில் அது ஒன்று.

சந்திப்பு வந்தால் இரண்டாவது கியருக்கு இறங்கி, உருட்டிக்கொண்டே இரு பக்கமும் பார்த்துவிட்டுப் போவது சென்னை முறை. அங்கே சக்கரம் முழுசாக நிற்க வேண்டும், அதுவும் கோட்டைத் தொடாமல். வண்டி நின்றதும் முன்பக்கம் லேசாகத் தூக்கிப் பின்னால் சாயும். அந்த அசைவை உணர்ந்தால்தான் நின்றது என்று அர்த்தம். மரமோ நிறுத்திய வண்டியோ பார்வையை மறைத்தால், முதலில் கோட்டில் நின்று, பிறகு மெதுவாக முன்னேறி, தெரியும் இடத்தில் மறுபடி நின்று பார்க்க வேண்டும். நேரே இரண்டாவது இடத்துக்குப் போய் ஒரே தடவை நிற்பது தேர்வில் தோல்விதான்.

நான்கு பக்கமும் ஸ்டாப் போர்டு உள்ள சந்திப்பில், முதலில் வந்து நின்றவர் முதலில் போவார். இருவர் ஒரே நேரத்தில் வந்தால் வலப்பக்கம் நிற்பவருக்கு முதல் உரிமை. எதிரெதிரே நின்றால் நேராகப் போகிறவர் முதலில், இடப்பக்கம் திரும்புகிறவர் பிறகு. சிக்னல் கரண்ட் இல்லாமல் அணைந்திருந்தாலும் இதே கணக்குதான். சிவப்பு விட்டு விட்டு எரிந்தால் ஸ்டாப் போர்டு மாதிரி நில்லுங்கள். மஞ்சள் அப்படி எரிந்தால் கவனித்துக் கடந்து போகலாம்.

நம் விதியும் சிக்னல் இல்லாத சந்திப்பில் வலப்பக்கம் வருகிறவருக்கு வழி விடச் சொல்கிறது. ஆனால் அண்ணா நகர் உள் தெருக்களில் அதைப் பார்த்து யாரும் ஓட்டுவதில்லை, மூக்கை நுழைத்தவர் முதலில் போகிறார். அந்த மூக்கு நுழைக்கும் பழக்கத்தை விமான நிலையத்திலேயே விட்டுவிட வேண்டும். உங்கள் பம்பர் ஓர் அடி முன்னால் வந்தாலும் எதிரே இருப்பவர் ‘இவர் நிற்கப்போவதில்லை’ என்று பிரேக் அடிப்பார், பின்னால் வருகிறவர் அவரை இடிப்பார்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. உங்கள் முறை வந்த பிறகும் மரியாதைக்காகக் கையைக் காட்டி மற்றவரைப் போகச் சொல்லாதீர்கள். வரிசை குழம்பும். அவர் உங்கள் கையை நம்பி வர, பக்கத்து ஆள் தன் முறை என்று வருவார்.

கத்திப்பாரா வளைவு

இருக்கை மாறுவதைச் சொல்கிறேன். சென்னையில் நீங்கள் வலப்பக்கம் உட்கார்ந்திருக்கிறீர்கள், வண்டியின் உடம்பு உங்கள் இடப்பக்கம் நீள்கிறது. அங்கே அது வலப்பக்கம் நீளும். மூளை பழைய கணக்கிலேயே இருப்பதால் வண்டி லேனின் வலது கோட்டை நோக்கி ஒதுங்கும். நிறுத்தியிருக்கும் கார்களின் கண்ணாடியைத் தட்டுவது, வலப்பக்கம் திரும்பும்போது பின்சக்கரம் நடைபாதை விளிம்பில் ஏறுவது, எல்லாம் இதனால்தான். போனட்டைப் பார்க்காமல் லேனின் தூரத்து நடுப்பகுதியைப் பாருங்கள், வண்டி தானாக நடுவுக்கு வரும்.

ஒரு விதியை மட்டும் மனப்பாடம் செய்யுங்கள்: இரண்டு நாட்டிலும் ஓட்டுநர் உட்காரும் பக்கம் சாலையின் நடுவை ஒட்டியே இருக்கும். நடைபாதை உங்கள் தோளுக்குப் பக்கத்தில் வந்துவிட்டால் தவறான பக்கத்தில் இருக்கிறீர்கள்.

நெரிசலில் யாரும் பக்கம் மாறிப் போவதில்லை, முன்னால் போகிற வண்டியே வழிகாட்டிவிடும். ஆபத்து மூன்று இடத்தில்: விடியற்காலை காலியான தெரு, பெட்ரோல் பங்கிலிருந்தோ கடை பார்க்கிங்கிலிருந்தோ வெளியே வரும் கணம், யு டர்ன் முடித்த பிறகு.

திரும்பும் கணக்கும் தலைகீழ். சென்னையில் இடது திருப்பம் சின்னது, வலது பெரியது. அங்கே வலது சின்னது, இடது பெரியது. அம்புக்குறி இல்லாத பச்சையில் இடப்பக்கம் திரும்பும்போது எதிரே நேராக வருகிறவர்கள் எல்லாரும் போன பிறகே திரும்ப முடியும். சந்திப்பின் நடுவில் காத்திருக்கும்போது ஸ்டியரிங்கை முன்கூட்டியே ஒடித்து வைக்காதீர்கள். பின்னால் யாராவது இடித்தால் ஒடித்த சக்கரம் உங்களை நேராக எதிர் லேனுக்குள் தள்ளிவிடும்.

ஈசிஆர் பயணி

லைட் விஷயத்தை யாரும் சொல்லலயே. நம்ம ஊர்ல எதிர்ல வர்றவன் ஹெட்லைட் அடிச்சா ‘நான் வர்றேன், நீ உள்ள வராத’ன்னு அர்த்தம். அங்க சந்திப்புல லைட் அடிச்சா பெரும்பாலும் ‘நீ போ’ன்னுதான் அர்த்தம். ரெண்டையும் குழப்பினா நேருக்கு நேர்தான். அதனால லைட்டை மட்டும் நம்பாதீங்க, அந்த வண்டி உண்மையிலயே வேகத்தைக் குறைக்குதான்னு பாத்துட்டுப் போங்க.

ஹசார்ட் லைட் இன்னொண்ணு. நாலு ரோடு சந்திப்புல நேரா போறதுக்கு நாலு இண்டிகேட்டரையும் போடற வழக்கம் இங்க இருக்கு. இங்கயும் அது தப்புதான். ஒரு பக்கத்துலேர்ந்து பாக்கிறவனுக்கு ஒரு இண்டிகேட்டர்தான் தெரியும், நீங்க திரும்பறீங்கன்னு நெனச்சு அவன் வந்துடுவான். அங்க ஹசார்ட்னா வண்டி நின்னு போச்சு, இல்ல முன்னால ஆபத்துன்னுதான் எடுத்துக்குவாங்க.

ஹாரன்: ‘சவுண்ட் ஹாரன்’னு நம்ம லாரி பின்னாடியே எழுதியிருக்கு. ஓவர்டேக் பண்றதுக்கு முன்னால ஒரு தட்டு தட்டறது இங்க தகவல். அங்க அதே தட்டு திட்டற மாதிரி. விபத்தைத் தவிர்க்க மட்டும்தான் ஹாரன்.

போரூர் பைபாஸ்

ஈசிஆர் சார், ஹாரன் விஷயத்தில் ஒரு மாற்றுக் கருத்து. சென்னையிலும் ஹாரனை ‘தகவல்’ என்று நியாயப்படுத்தக் கூடாது. டூ வீலர்காரர் பாதிப் பேர் அந்தச் சத்தத்துக்குத் திரும்பிப் பார்ப்பதே இல்லை. எல்லாரும் அடிப்பதால் யாருக்கும் கேட்பதில்லை. மருத்துவமனை, பள்ளி அருகே அது விதிமீறலும்கூட.

ஈசிஆர் பயணி

மருத்துவமனை பக்கம் ஒத்துக்கறேன். ஆனா தண்ணி லாரி பக்கத்துல போகும்போது அவன் கண்ணாடில நீங்க தெரியவே மாட்டீங்க. ஒரு சின்ன தட்டு இல்லாம அவன் இடப்பக்கமா ஓவர்டேக் பண்ணக் கூடாது. இடப்பக்கமா ஓவர்டேக் பண்றதே தப்புன்னு சொல்லுவீங்க. வலது லேன்ல 40-ல லாரி போற பைபாஸ்ல வேற வழி என்ன?

ஹூஸ்டன் ஹைவே

பள்ளிப் பேருந்து விதியை இங்கே தெளிவாகப் பதிந்துவிடலாம். சென்னையில் மஞ்சள் வேன் நின்றால் சுற்றிக்கொண்டு போவோம். அமெரிக்காவில் பள்ளிப் பேருந்து சிவப்பு விளக்கை மின்னவிட்டு நின்றால் பின்னால் வருகிறவர் மட்டுமல்ல, எதிரே வருகிறவரும் நிற்க வேண்டும். விளக்கு அணையும் வரை நகரக் கூடாது. குழந்தை பேருந்தின் முன்னால் சாலையைக் கடக்கும், பேருந்தின் உயரம் அதை முழுசாக மறைத்துவிடும். அதற்காகத்தான் இவ்வளவு கடுமை.

எதிர்ப்பக்கத்துக்கு எப்போது விலக்கு என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது. கலிஃபோர்னியாவில் நடுவில் பிரிப்பு இருந்தாலோ, ஒவ்வொரு திசையிலும் இரண்டு லேனோ அதற்கு மேலோ இருந்தாலோ எதிரே வருகிறவர் நிற்க வேண்டியதில்லை. டெக்சாஸில் சாலை இரண்டாகப் பிரிந்திருந்தால்தான் விலக்கு. நடுவில் இடது திருப்ப லேன் மட்டும் இருந்தால் நின்றே ஆக வேண்டும். நியூயார்க்கில் டிவைடர் இருந்தாலும் நிற்க வேண்டும். மாநிலம் தெரியாமல் ஓட்டினால் நின்றுவிடுவதே பாதுகாப்பு.

சிவப்பில் வலப்பக்கம் திரும்புவதும் இப்படித்தான். பொதுவாக முழுசாக நின்ற பிறகு திரும்பலாம், கூடாது என்று போர்டு இருந்தால் கூடாது. கலிஃபோர்னியாவில் சிவப்பு அம்புக்குறி எரிந்தாலும் திரும்பக் கூடாது. நியூயார்க் நகருக்குள் அனுமதி போர்டு இருந்தால் மட்டுமே. நம் ஃப்ரீ லெஃப்ட் போல நிற்காமல் வழிந்து போகும் பழக்கம் வேண்டாம். இன்னொன்று: திரும்பும்போது கண் இடப்பக்கம் வரும் வண்டிகளையே பார்த்துக்கொண்டிருக்கும். வலப்பக்கத்திலிருந்து நடந்து வருகிறவர் அந்த நேரத்தில்தான் அடிபடுகிறார். கடைசிப் பார்வை வலப்பக்கம் இருக்கட்டும்.

நடந்து போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. சென்னையில் முதலில் வலப்பக்கம் பார்த்து இறங்குவோம், அங்கே முதல் வண்டி இடப்பக்கத்திலிருந்து வரும். பெற்றோர் வந்து தங்கும்போது முதலில் சொல்லிக்கொடுக்க வேண்டியது இது.

சன்னிவேல் சாரதி

ஃப்ரீவே எனும் அதிவேக நெடுஞ்சாலையில் சேர்வது. மதுரவாயல் பைபாஸில் சர்வீஸ் ரோட்டிலிருந்து ஏறுகிறவர் 20 கி.மீ. வேகத்தில் மெல்ல உள்ளே நுழைவார், பின்னால் வருகிறவர்கள் ஒதுங்கிக்கொள்வார்கள். அங்கே ஏறுதளமே வேகம் பிடிப்பதற்காகக் கட்டியது. தளத்தின் முடிவுக்குள் ஃப்ரீவே வேகத்துக்கு, அதாவது மணிக்கு 55 முதல் 65 மைலுக்கு வந்துவிட வேண்டும். கிலோமீட்டரில் ஏறக்குறைய 90 முதல் 105. இண்டிகேட்டர், கண்ணாடி, தலையைத் திருப்பித் தோளுக்கு மேல் ஒரு பார்வை, இடைவெளியில் நுழைவு. பயந்து முடிவில் நின்றுவிட்டால், பூஜ்யத்திலிருந்து 100-க்கு வர இடமே இருக்காது. அது மிகப் பெரிய ஆபத்து.

சில ஏறுதளங்களில் சிக்னல் இருக்கும். ஒரு பச்சைக்கு ஒரு வண்டி என்று போர்டு சொல்லும். நம் சிக்னல் மாதிரி பச்சை விழுந்ததும் வரிசையாகப் போகக் கூடாது.

பலர் சேர்ந்து போகும் வண்டிகளுக்கென்று இரட்டைக் கோடு போட்டு ஒதுக்கிய கார்பூல் லேனுக்குள் கோட்டைக் கடந்து நுழைவதும் வெளியேறுவதும் அபராதம். கோடு புள்ளியாக மாறும் இடத்தில்தான் மாறலாம். தனியாக ஓட்டும்போது போர்டில் நேரமும் ஆள் எண்ணிக்கையும் பாருங்கள், சில இடத்தில் இரண்டு பேர், சில இடத்தில் மூன்று. கட்டணம் வசூலிக்கும் எக்ஸ்பிரஸ் லேனில், நம் ஃபாஸ்டேக் மாதிரி கட்டணம் பிடிக்கும் ஃபாஸ்ட்ராக் கருவியில் 1, 2, 3 என்று ஆள் எண்ணிக்கையை மாற்றி வைக்கும் வகை இருக்கிறது. வாடகைக் காரில் கட்டணப் பாலம் கடந்தால் வாடகை நிறுவனம் பாலக் கட்டணத்துக்கு மேல் சேவைக் கட்டணமும் சேர்க்கலாம், எடுக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

கத்திப்பாரா வளைவு

இதில் ஒரே ஒரு விஷயத்துக்குச் சென்னையிலேயே பயிற்சி கிடைக்கிறது. கத்திப்பாராவில் வலப்பக்கம் போக பாலத்தைக் கடந்து இடப்பக்கம் முக்கால் வட்டம் சுற்றுகிறோம் அல்லவா? அங்கேயும் இதே குளோவர்லீஃப் நிறைய உண்டு, கண்ணாடியில் பார்ப்பது போல: இடப்பக்கம் போக வலப்பக்கம் சுற்ற வேண்டும். ஒரு வளையத்திலிருந்து ஏறுகிறவரும் அடுத்த வளையத்தில் இறங்குகிறவரும் ஒரே நூறு, இருநூறு மீட்டரில் குறுக்கே மாறிக்கொள்ளும் சிக்கல் இரண்டு ஊரிலும் ஒன்றேதான். வளையத்தில் வேகம் குறைவு, வெளியே வேகம் அதிகம். ஏறுகிறவர் வேகம் கூட்டுவதும் இறங்குகிறவர் வேகம் குறைப்பதும் துணை லேனில்தான் நடக்க வேண்டும், முக்கிய லேனில் அல்ல.

ஓஎம்ஆரில் வலது திருப்பத்தை அடைத்து, தாண்டிப் போய் யு டர்ன் எடுத்து வரச் சொல்கிறார்கள், இந்திரா நகரில் அதற்கென்றே யு வடிவ மேம்பாலம். இதைப் பலர் திட்டுகிறார்கள். மிச்சிகன் மாநிலத்தில் இதே ஏற்பாடு பல பத்தாண்டுகளாக இருக்கிறது. எதிர்வரும் வண்டிகளைக் குறுக்கே வெட்டும் திருப்பம் போய்விடுவதால் மோதல் புள்ளிகள் குறைகின்றன. யு டர்ன் இடத்தில் தனி லேன் இருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. அது இல்லாத இடத்தில்தான் நம் ஊரில் அடைத்துக்கொள்கிறது.

மடிப்பாக்கம்91

நன்றி. லைசென்ஸ் தேர்வில் வேறென்ன? இந்திய லைசென்ஸ் வைத்து எவ்வளவு நாள் ஓட்டலாம்?

ஆர்டிஓ வழிகாட்டி

கலிஃபோர்னியாவுக்குச் சுற்றிப் பார்க்க வருகிறவர் செல்லுபடியாகும் இந்திய லைசென்ஸுடன் ஓட்டலாம். குடியேறினால் கணக்கு வேறு, 10 நாளுக்குள் அந்த மாநில லைசென்ஸுக்கு விண்ணப்பிக்க வேண்டும். சர்வதேச ஓட்டுநர் அனுமதி என்பது உங்கள் லைசென்ஸின் மொழிபெயர்ப்பு மாதிரிதான், தனியாக அதை மட்டும் காட்டி ஓட்ட முடியாது. ஆனாலும் வாடகை நிறுவனங்கள் சில கேட்கும் என்பதால் வாங்கி வைப்பது நல்லது. படிவம் 4ஏ, பாஸ்போர்ட், விசா, 1,000 ரூபாய் கட்டணம், உங்கள் ஆர்டிஓ. ஒரு வருடம் செல்லும்; லைசென்ஸ் அதற்கு முன்பே முடிந்தால் அதுவும் முடியும்.

எழுத்துத் தேர்வு 18 வயதுக்கு மேற்பட்டவருக்கு 36 கேள்வி, 30 சரியாக வேண்டும். ஓட்டுத் தேர்வுக்கு வண்டியும் இன்ஷூரன்ஸ், பதிவுத் தாளும் நீங்களே கொண்டுபோக வேண்டும். 15 தவறு வரை பொறுத்துக்கொள்வார்கள். பெரிய தவறு என்றால் ஒன்றே போதும். ஸ்டாப்பில் உருட்டுவது, வேக வரம்பைவிட 10 மைல் அதிகமாகப் போவது, காரணமின்றி 10 மைல் குறைவாக ஊர்வது, தேர்வாளர் தலையிட நேர்வது எல்லாம் அந்தப் பட்டியலில் வரும்.

நம்மூரில் எட்டு போட்டு, கார் என்றால் சில நூறு மீட்டர் ஓட்டிக்காட்டி வாங்கியவர்களுக்குத் தலையைத் திருப்பிப் பார்க்கும் பழக்கமே கிடையாது. கண்ணாடி மட்டும் பார்த்தால் அங்கே மதிப்பெண் போகும். லேன் மாறும் ஒவ்வொரு முறையும் தோளுக்கு மேல் பாருங்கள். நடைபாதையை ஒட்டி மூன்று கார் நீளத்துக்கு நேராகப் பின்னால் எடுக்கச் சொல்வார்கள், பின்கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டே எடுக்க வேண்டும், கேமராவை நம்பி அல்ல. திரும்ப 100 அடி முன்பே இண்டிகேட்டர். சைக்கிள் லேன் இருந்தால் வலப்பக்கம் திரும்பும் முன் கடைசி 200 அடிக்குள் அந்த லேனுக்குள் நகர்ந்துதான் திரும்ப வேண்டும், வெளியிலிருந்து வெட்டக் கூடாது. இதைப் பலர் கேட்டதே இல்லை.

குழந்தை இருந்தால்: 8 வயதுக்குக் கீழே, 4 அடி 9 அங்குலம் உயரம் வராதவரை, பின்சீட்டில் கார் சீட்டோ பூஸ்டரோ கட்டாயம். 2 வயதுக்குள் பின்னோக்கிய சீட். எடை 40 பவுண்டோ உயரம் 40 அங்குலமோ எட்டியிருந்தால் பின்னோக்கி வைப்பதற்கு மட்டும் விலக்கு. மடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் உட்காரும் வழக்கம் இங்கேயும் ஒழிய வேண்டும். ஏர்பேக் வெடிக்கும்போது குழந்தைதான் நடுவில் இருக்கும்.

போரூர் பைபாஸ்

சில விஷயத்தில் நம் விதி அவர்களைவிடக் கடுமை. மது வரம்பு இங்கே 100 மி.லி. ரத்தத்தில் 30 மி.கி., கலிஃபோர்னியாவில் 80. 2023 நவம்பரில் சென்னைப் போக்குவரத்துக் காவல் அறிவித்த வேக வரம்பில் குடியிருப்புத் தெருக்களுக்கு 30 கி.மீ., அங்கே குடியிருப்புத் தெரு 25 மைல், அதாவது 40 கி.மீ. எழுத்தில் நாம் குறைந்தவர்கள் அல்ல. அங்கே ஒரு டிக்கெட் வாங்கினால் லைசென்ஸில் புள்ளி ஏறுகிறது, இன்ஷூரன்ஸ் பிரீமியம் வருடக்கணக்கில் உயர்கிறது. 12 மாதத்தில் 4 புள்ளி சேர்ந்தால் லைசென்ஸுக்கே ஆபத்து. இங்கே பெரும்பாலும் இ-சலான் கட்டினால் கதை முடிந்தது. வித்தியாசம் அதில்தான் இருக்கிறது, மக்களின் குணத்தில் இல்லை. இதே சென்னை ஓட்டுநர் அங்கே போய் ஒரு மாதத்தில் கோட்டுக்குள் நிற்கிறார்.

வேளச்சேரி திரும்பியவர்

திரும்பி வருகிறவர்களுக்கு.

மாருதி, ஹூண்டாய், டாடா எல்லாவற்றிலும் இண்டிகேட்டர் வலக்கையில். அமெரிக்கப் பழக்கத்தில் இடக்கை போகும், வைப்பர் ஓடும். ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா எடுத்தால் இங்கேயும் இடக்கைதான். வண்டியில் ஏறியதும் நகரும் முன்பே இரண்டையும் ஒரு முறை தட்டிப் பாருங்கள்.

இடப்பக்கம் திரும்பும் முன் இடக் கண்ணாடி. அமெரிக்காவில் நடைபாதைப் பக்கம் சைக்கிளைத் தவிர யாரும் வரமாட்டார்கள். இங்கே உங்களுக்கும் நடைபாதைக்கும் நடுவே ஸ்கூட்டர் இருக்கும், எதிர்த்திசையிலும் வரும். கடைசி 30 மீட்டரில் இடப்பக்கம் நன்றாக ஒட்டிவிட்டால் அந்தச் சந்து மூடிவிடும்.

மஞ்சள் விழுந்ததும் அழுத்தி பிரேக் போடாதீர்கள். அங்கே பின்னால் இருப்பவரும் நிற்பார். இங்கே பின்னால் எம்டிசி பஸ் இருந்தால் அவர் கடந்துவிடுவீர்கள் என்று நம்பித்தான் வருவார். தூரத்திலேயே கவுன்ட்டவுன் எண்ணைப் பாருங்கள், ஐந்துக்குக் கீழே இருந்தால் காலை எடுத்து முன்கூட்டியே பிரேக் விளக்கை எரியவிடுங்கள். பச்சை விழுந்ததும் உடனே பாயாமல் இரு பக்கமும் பாருங்கள். மூன்று எண் மிச்சம் இருக்கும்போதே கிளம்புகிறவர்களும் சிவப்பில் கடைசியாக வருகிறவர்களும் அந்த நொடியில்தான் சந்திக்கிறார்கள்.

நடந்து கடப்பவர் கையைக் காட்டிக்கொண்டு ஒரே வேகத்தில் வருவார். நீங்கள் அவர் போகும் திசைக்கு முன்னால் நுழையாமல் அவர் முதுகுப் பக்கமாகப் போக வேண்டும், அதுவும் வேகத்தை நன்றாகக் குறைத்து. ஒரு லேனில் திடீரென முழுசாக நின்றுவிட்டால் அடுத்த லேன் பைக்காரருக்கு அவர் தெரியாமல் போவார். விதிப்படி அவருக்கு வழி விடத்தான் வேண்டும். அதைச் செய்யும்போது முன்கூட்டியே மெதுவாகுங்கள், கையை வெளியே காட்டி மற்றவர்களையும் குறைக்க வையுங்கள்.

கதவு திறக்கும்போது இடக்கையால் திறங்கள். உடம்பு தானாகத் திரும்பும், பின்னால் வரும் டூ வீலர் தெரியும். அமெரிக்காவில் இதையே வலக்கையால்.

ஈசிஆர் பயணி

முன்னால இடைவெளி விடறது பத்தி? அங்க மூணு செகண்ட் சொல்றாங்க. இங்க மூணு செகண்ட் விட்டா மூணு பைக்கும் ஒரு ஆட்டோவும் பூந்துடும். விட்டுப் பிரயோஜனமே இல்ல.

வேளச்சேரி திரும்பியவர்

பிரயோஜனம் இருக்கிறது. ஒரு வண்டி நுழைந்தால் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள், இடைவெளி மறுபடி உருவாகும், உங்களுக்கு இழப்பு இரண்டு நொடி. அடையாறிலிருந்து சோழிங்கநல்லூர் வரை இருபது பேர் நுழைந்தாலும் ஒரு நிமிடம்கூட ஆகாது. ஒட்டிக்கொண்டு போனாலோ முன்னால் பள்ளத்துக்காக பிரேக் போடுகிறவர் பம்பரில் போய் நிற்பீர்கள். ஊர்ந்து போகும் நெரிசலில் மட்டும் முன் வண்டியின் பின்சக்கரம் தரையைத் தொடும் இடம் தெரிகிற அளவு போதும்.

ஹூஸ்டன் ஹைவே

ஆம்புலன்ஸும் போலீஸும் பாக்கி. சைரன் கேட்டால் அங்கே வலது ஓரம் ஒதுங்கி நிற்க வேண்டும். சென்னையில் ஒதுங்கவே இடம் இருக்காது, அதனால் இரு லேனும் ஆளுக்கொரு பக்கம் ஒட்டி நடுவில் வழி திறப்பதுதான் நடக்கும். வழி விடாமல் மறித்தால் 10,000 ரூபாய் அபராதத்துக்குச் சட்டத்தில் இடம் உண்டு. 108 போன பின் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு பறக்கும் வழக்கம் மட்டும் கூடவே கூடாது. கலிஃபோர்னியாவில் 300 அடிக்குள் பின்தொடர்வதே குற்றம்.

போலீஸ் பின்னால் விளக்கு எரியவிட்டால் வலது ஓரம் நிறுத்தி உள்ளேயே இருங்கள். இங்கே இறங்கிப் போய் ‘சார்’ என்று பேசுவது பணிவு. அங்கே இறங்கினால் மிரட்டல் என்று எடுத்துக்கொள்வார்கள். கண்ணாடியை இறக்கி, இரண்டு கையும் ஸ்டியரிங் மேல். காகிதம் கேட்ட பிறகு, எங்கே இருக்கிறது என்று சொல்லிவிட்டு எடுங்கள்.

மடிப்பாக்கம்91

கடைசியாக ஒன்று. வெளிநாட்டில் இருக்கும்போது இந்திய லைசென்ஸ் காலாவதியானால்?

ஆர்டிஓ வழிகாட்டி

முடியும் தேதிக்கு ஒரு வருடம் முன்னாலிருந்து ஒரு வருடம் பின்வரை புதுப்பிக்கலாம். அந்த ஒரு வருடமும் தாண்டினால் மறுபடி ஓட்டுத் தேர்வு. 30 வயதுக்குள் எடுத்தது 40 வயது வரை செல்லும், 30 முதல் 50 வரை எடுத்தால் பத்து வருடம். விடுமுறைக்கு வரும் தேதியை இதற்கேற்ப வையுங்கள், 40 வயதுக்கு மேல் என்றால் மருத்துவச் சான்று படிவம் 1ஏ-வும் சேர்த்து. காலாவதியான பிறகு புதுப்பிக்காத லைசென்ஸை வைத்து இரண்டு வாரம் ஓட்டிவிட்டுப் போகலாம் என்று நினைக்க வேண்டாம். அந்த இரண்டு வாரத்தில் விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் நிறுவனம் முதலில் பார்ப்பது அந்தத் தேதியைத்தான். அமெரிக்க லைசென்ஸ் கையில் இருந்தால், கிளம்பும் முன் அங்கேயே ஏஏஏ எனும் வாகன ஓட்டிகள் சங்க அலுவலகத்தில் சர்வதேச அனுமதி வாங்கிக்கொண்டு வாருங்கள். இந்தியா வந்து சேர்ந்த பிறகு இங்குள்ள ஆர்டிஓ அமெரிக்க லைசென்ஸுக்கு அதைத் தரமாட்டார்.